நூறு பேரைப் பார்த்து வா!

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் ராமநாதபுரத்திலிருந்து என் பள்ளித் தோழி டெலிபோனில் கூப்பிட்டாள். "நீ உடனே புறப்பட்டு வா. உன் பேச்சையாவது இவள் கேட்கிறாளா பார்க்கலாம்" என்றாள். குரல் தழுதழுத்தது. இருபத்தெட்டு வயதுப் பெண் இருக்கும் வீட்டிலிருந்து இப்படி அழைப்பு வந்தால் நம் மனம் எங்கே போகும்? "யார் பையன்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பையனாக இருந்தால் தேவலையே! விசாரித்துப் பார்த்து, நல்லவனாக இருந்தால் கட்டி வைத்துவிடலாம். இவள் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறாளாம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அன்று இரவே ராமேசுவரம் ரயிலில் ஏறினேன்.

அந்தப் பெண்ணை எனக்குத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரியும். பயோ கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் உத்தியோகம் தயாராக இருந்தது. மதுரையில் ஒரு வரனும் ஏறக்குறையத் தயாராக இருந்தது. இரண்டையும் "பொறுங்கள்" என்று நிறுத்தி வைத்துவிட்டு, மருத்துவ ஆராய்ச்சி செய்யும் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்கப் பயிற்சி கொடுக்கும் உதவித் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். மாதம் ஒரு தொகை கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றுகிறாள்.

"வைத்தியம் படித்தவளா என்றால் அதுவும் இல்லை. நாள் முழுவதும் சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணைப் பார்த்துவிட்டு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். 'உன் பெண் என்ன செய்கிறாள்?' என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் நான் என்ன சொல்வேன், நீயே சொல்" என்றாள் தோழி, காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு.

நியாயமான கேள்விதான். ஆகவே, தாயை விட்டுவிட்டு மகளிடமே போய் உட்கார்ந்தேன்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது. "இது என்ன தெரியுமா சித்தி? நம்மூர்க் கட்டக்கோரை" என்றாள். கட்டக்கோரை என்பது மன்னார் வளைகுடாவில் பாறைகளின் மேல் வளரும் ஒருவகைக் கடற்பாசி. பழுப்பு நிறம். சிறு வயதில் நாங்கள் பாம்பன் கரைக்குப் போனால் காலில் சுற்றிக்கொள்ளும். அருவருப்புடன் உதறிவிட்டு ஓடுவோம். அதிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருளை எடுத்து நூலாக்கலாமாம். நாம் புண்ணுக்கு வைக்கும் மெல்லிய துணி காய்ந்து ஒட்டிக்கொள்கிறது அல்லவா? பிரித்தெடுக்கும்போது உயிர் போய் உயிர் வரும். இந்தப் பாசி நூலோ புண்ணிலிருந்து வடியும் நீரை உறிஞ்சிக்கொண்டு கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. ஒட்டுவதில்லை. எடுத்தால் வந்துவிடும்.

"அப்படியானால் நீ பெரிய கண்டுபிடிப்பாளி!" என்றேன்.

"இல்லை சித்தி. ஸ்டான்ஃபோர்ட் என்ற ரசாயனக்காரர் 1881-லேயே ஆல்ஜினேட்டுக்குப் பேடெண்ட் வாங்கிவிட்டார். பாசிக் கட்டுகளை வெளிநாட்டுக் கம்பெனிகள் எத்தனையோ வருஷமாக விற்கின்றன. விலைதான் நமக்குக் கட்டாது. என் ஆராய்ச்சி இந்த நூலில் சேர்க்கும் ஒரு மருந்தைப் பற்றியது. புண் சீக்கிரம் ஆறும். அதை வைத்துத்தான் கம்பெனி என்று நினைத்துக் கொண்டு போனேன். போன இடத்தில் என்னை உட்கார வைத்து, 'முதலில் நூறு பேரைப் பார்த்து வா' என்று சொல்லிவிட்டார்கள்."

இந்த நூறு பேர் விஷயம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2011-ல் தேசிய விஞ்ஞான நிறுவனத்தார் 'ஐ-கோர்' என்று ஒரு பயிற்சி தொடங்கினார்கள். 2014-ல் அங்குள்ள சுகாதார ஆராய்ச்சிக் கழகங்களும் அதைத் தங்கள் விஞ்ஞானிகளுக்கு எடுத்துக்கொண்டன. சில வாரப் பயிற்சிதான். அதற்குள் ஆராய்ச்சிக்காரர் சோதனைச்சாலையை விட்டு வெளியே வந்து, தன் கண்டுபிடிப்பை உபயோகிக்கக்கூடிய நூறு பேரையாவது நேரில் கண்டு பேச வேண்டும். டாக்டர், நர்ஸ், நோயாளி, ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்குகிற குமாஸ்தா எல்லாரும் இதில் அடக்கம். "என் மருந்து நன்றாயிருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாரும் "ஆஹா, பிரமாதம்" என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "பஜ்ஜி எப்படி?" என்று கேட்கிற மாதிரி. "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்பே, 2001-ல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு பயிற்சி வந்தது. பயோ-டிசைன் என்று பெயர். டாக்டர் ஒருவர், இன்ஜினீயர் ஒருவர் என்று சிலரைக் கூட்டாகச் சேர்த்து ஆஸ்பத்திரி வார்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். அவர்கள் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டும். பார்த்த குறைகளையெல்லாம் நூற்றுக்கணக்கில் எழுதி, கழித்துக் கழித்துக் கடைசியில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு அரசாங்கத்தின் உயிர்த் தொழில்நுட்ப இலாகா இதை 2007-ல் டில்லிக்குக் கொண்டுவந்தது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரியும் டில்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தின. அந்தப் பயிற்சியிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் படுத்திருப்பவர்களுக்குத் தன்னையறியாமல் மலம் போய்விடுகிறதே, அதை. புண் உண்டாகும், தொற்று உண்டாகும், மானமும் போகும். யாரும் வாய்விட்டுப் பேசாத கஷ்டம். அதற்கு ஒரு கருவி செய்து கம்பெனியும் வைத்தார்கள். படுக்கையில் கிடந்த மாமியாருக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தவர்கள் இதைப் படித்தால், "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். நான் கேட்டேன்.

சரி, பணம்? 2012-ல் மத்திய அரசாங்கம் 'பைராக்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. அது கொடுக்கும் ஓர் உதவிக்கு 'பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட்' என்று பெயர், சுருக்கமாக 'பிக்'. 'இக்னிஷன்' என்றால் பற்ற வைப்பது. அடுப்பு பற்ற வைக்க நெருப்புக் குச்சி போதும். இவர்கள் 50 லட்ச ரூபாய் வரையில், 18 மாத காலத்துக்குக் கொடுக்கிறார்கள். கடன் அல்ல. ஆனால் கையில் உருவமில்லாத யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வாங்க முடியாது. அதற்கு முன்னால், படிப்பை முடித்த கையோடு இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி உதவித் தொகை கொடுத்துப் பழக்குகிற திட்டங்களும் உண்டு. பல்கலைக்கழகங்களிலேயே அதற்கு இடம் வைத்தார்கள். நம் அண்ணா பல்கலைக்கழகமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஆரம்பத்திலேயே அதில் சேர்ந்தன. கிராமங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தங்கிப் பார்த்துவிட்டு வந்து பொருள் செய்கிறவர்களுக்கென்று ஒரு திட்டம். அதில் முதலில் எடுத்துக்கொண்ட விஷயம் தாய் சேய் நலம்.

நம் பெண் எண்பத்துமூன்று பேரைப் பார்த்து முடித்திருந்தாள். நோட்டைக் காட்டினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். கதைப் புத்தகம் தோற்றது.

முதல் பத்துப் பன்னிரண்டு பேரிடம் அவள் மருந்தைப் பற்றியே கேட்டிருக்கிறாள். பதிமூன்றாவது ஆள், உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர், எரிச்சலோடு சொன்னாராம்: "மருந்தெல்லாம் இருக்கட்டும் தாயி. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்த வரச் சொல்றாக. பஸ்ஸுக்குக் காசு, கூட வர்ற மகனுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. ரெண்டு வாரம் வந்தேன். அப்புறம் நின்னுட்டேன்." நின்றுவிட்ட பிறகுதான் அவருக்கு விரல் போயிற்று. அதற்குப் பிறகு அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதே வார்த்தை: பஸ், கூலி, கூட வர ஆள் இல்லை.

"நான் மூன்று வருஷமாகப் புண் எத்தனை நாளில் ஆறும் என்று பார்த்தேன் சித்தி. இவர்களுக்கு வேண்டியது, ஒரு தடவை போட்டால் சில நாட்களாவது மாற்றாமல் இருக்கிற கட்டு. மாற்ற வேண்டிய நாள் வந்ததும் வீட்டில் இருக்கிற அம்மாவோ மருமகளோ பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஏதாவது ஓர் அடையாளம் அதில் இருக்க வேண்டும். என் மருந்து அதற்கப்புறம்தான்."

மூன்று வருஷப் படிப்பை "அதற்கப்புறம்தான்" என்று அவள் சொன்னபோது முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தது. எண்பத்துமூன்று பேரும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் கொஞ்சம் கசப்பானதுதான்.

மறுநாள் மூவருமாக ராமேசுவரம் புறப்பட்டோம். வழியில் மண்டபம். 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் இருந்தது இந்த மண்டபம் முகாமில்தான். 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போயிற்று. பின்னாளில் அவர்கள் கடற்பாசியிலிருந்து மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை செய்து கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி கடைக்கு வந்த கதை இந்தக் கரைக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பாம்பனில் இறங்கிக் கரைக்கு நடந்தோம். பாசி எடுக்கும் பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பிடுங்கி, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவில் ஸீகாலஜி பரிசு கொடுத்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் உரிமைக்காகவும், அழிந்து போகாமல் அளவோடு எடுப்பதற்காகவும் மற்றப் பெண்களைத் திரட்டி நின்றவர் அவர்.

ஒரு அம்மாளிடம், "இதெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

"மதுரைக்குப் போகுதும்மா, கம்பெனிக்கு. அங்கிட்டு என்ன பண்றாகளோ."

என்ன பண்ணுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். சைனா கிராஸ் என்று கடையில் வாங்குகிறோமே, அதுவேதான். கீழக்கரைப் பக்கம் நோன்பு நாட்களில் தேங்காய்ப் பால் விட்டுக் காய்ச்சி, துண்டு போட்டு வைப்பார்களே, அந்தக் கடற்பாசி! இதே அகர் இல்லாமல் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிருமிப் பரிசோதனை நடக்காது. அதற்குக் காரணம் ஒரு குடும்பப் பெண். 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற பெரிய டாக்டரின் சோதனைச்சாலையில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துக் கொண்டிருந்தார்கள். சூடு பட்டால் ஜெலட்டின் உருகிவிடும். ஆராய்ச்சியே ஓடிப் போய்விடும். அங்கே வேலை செய்த ஹெஸ்ஸே என்பவர் வீட்டில் வந்து புலம்பினார். அவர் மனைவி ஃபேனி, "நான் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்களேன், வெயிலில்கூட உருகாது" என்றாள். ஜாவாவில் வாழ்ந்த அண்டை வீட்டுக்காரரிடமிருந்து அவள் கற்ற சமையல் விஷயம் அது. போட்டுப் பார்த்தார்கள், இன்றுவரை அதுதான். மறு வருஷம் காக் எழுதிய கட்டுரையில் அகர் வந்தது. ஃபேனியின் பெயர் வரவில்லை. ஹெஸ்ஸே குடும்பத்துக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை.

இந்தக் கதையை அங்கேயே மணலில் உட்கார்ந்து சொன்னேன். சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கேட்டேன்: "உன் நூறு பேரில் இந்தப் பாசி எடுக்கிறவர்கள் எத்தனை பேர்?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒருவரும் இல்லை" என்றாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். 2002-ல் வந்த உயிரினப் பல்வகைமைச் சட்டம், இப்படிப்பட்ட பொருளை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் லாபத்தில் அந்த ஊராருக்கும் பங்கு தர வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் சொல்கிறது, ஆனால், கம்பெனிக் கணக்கு எழுதும் முதல் நாளே அதற்கு ஒரு பத்தி போட்டு வைத்தால்தான் நடக்கும். இதை அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நோட்டிலும் எழுதிக்கொண்டாள்.

ராமேசுவரத்தில் ஸ்வாமி தரிசனம் ஆயிற்று. பிறகு பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வீட்டுக்குப் போனோம். தோழிக்கு அதில் இஷ்டமில்லை. "அவர் ராக்கெட் விட்டவர். அவருக்கும் இவள் கட்டுத் துணிக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள்.

சம்பந்தம் இருக்கிறது. ஹைதராபாத்தில் அவர் ஏவுகணை வேலையில் இருந்தபோது நிஜாம் மருத்துவ நிலையத்து எலும்பு டாக்டர் ஒருவர் சோதனைச்சாலைக்கு வந்தார். அக்னி ஏவுகணைக்காகச் செய்த பொருளைத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு லேசா என்று வியந்து, கலாமைக் கையோடு வார்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் அதே பொருளில் 300 கிராம் சட்டம் செய்து கொடுத்தார்கள். வார்டுக்குள் போய்ப் பார்த்ததால் வந்தது அது. பிறகு 1990-களில் இருதய டாக்டர் சோம ராஜுவுடன் சேர்ந்து, ரத்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டெண்டை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்தார்.

இதெல்லாம் தோழியை அசைக்கவில்லை. அசைத்தது வேறு. திருச்சியில் படித்து முடித்ததும் கலாமுக்குச் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்த நாளில், படகு ஓட்டுகிற குடும்பத்தில், ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவது? அக்காள் ஸொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தாள்.

தோழி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "நானும் வைக்க வேண்டும் என்கிறாயா?" என்றாள்.

"வேண்டாம் என்பதற்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அக்காள் கை வளையல் செய்த வேலையை இன்றைக்கு இந்த உதவித் தொகை செய்கிறது. உன் வளையல் உன் கையில்தான் இருக்கப் போகிறது."

அது ஜெயிக்குமா என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. இப்படித் தொடங்குகிற கம்பெனிகள் எல்லாம் நிலைப்பதில்லை. கட்டுத் துணிகூட இப்போது 2017-ம் வருஷத்து மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வருகிறது. பரிசோதனை, லைசென்ஸ் எல்லாம் வாங்கியாக வேண்டும். உதவித் தொகை நிற்கும் மாதமும், லைசென்ஸ் வரும் மாதமும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளியில்தான் பல வீடுகளில் பெண் பிள்ளைகளின் யோசனை மூட்டை கட்டி வைக்கப்படுகிறது. பையன்களுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கிறோம். ஆகவே ஒரு கெடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். உதவித் தொகைக் காலம், அதற்குமேல் ஒரு வருஷம். அதுவரை கல்லூரி உத்தியோகப் பேச்சு எடுப்பதில்லை. அதற்கப்புறம் அவளே முடிவு செய்யட்டும். பயிற்சி வீண் போகாது. எந்தக் கம்பெனியிலும் இந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. மதுரை வரனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். "பெண் கால் புண்ணுக்குக் கட்டுச் செய்கிறாள்" என்று கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் முன்னாலேயே சுளித்துவிடட்டுமே.

தோழி "ஊம்" என்றாள். சம்மதமா இல்லையா என்று அந்த "ஊ"மிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருஷமாகவே அப்படித்தான்.

அன்றிரவு ராமநாதபுரம் திரும்பி, ரயிலுக்கு எனக்கு இட்லி கட்டிக்கொண்டிருந்தாள். பெண் கூடத்தில் நோட்டை விரித்துக்கொண்டு, பாம்பன் அம்மாளையும் சேர்த்து எண்பத்துநான்கு என்று எழுதினாள்.

"இன்னும் பதினாறு பேர் பாக்கி" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "கோடி வீட்டுத் தாத்தாவுக்கு ஆறு மாதமாகக் காலில் கட்டு. அவர் மருமகள்தான் மாற்றுகிறாள். அவளைக் கேட்டாயா? காலையில் என்னோடு வா. நீ தனியாகப் போனால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்."